கதவைக் கழற்றினவள்

ஆனி 10, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். மிளகுக் கொடிக்கு நல்லது, துணிக்கு ஆகாது. முந்தாநாள் துவைத்த சேலை இன்னும் ஈரம்.

இன்று முதல் தினம் கொஞ்சம் எழுத வேண்டும். எங்கள் ஊர் நர்சம்மா உத்தரவு. "பரீட்சையில கை ஓடணும் பொன்னி. பேனா பிடிச்சு எத்தனை வருசமாச்சு? சோறாக்குனது, சண்டை போட்டது, என்னத்தையாவது எழுது. யாரு பாக்கப் போறா?"

யாரும் பார்க்க வேண்டாம். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். கீழே டவுனில் சமுதாயக் கல்லூரி. அதில் ஹெல்த் அசிஸ்டென்ட் படிப்பு, ஒரு வருடம். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் ஆஸ்பத்திரி. பத்தாவது இருந்தால் விண்ணப்பம் போடலாம். ஆனால் இருபது சீட்டுதான். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளே முட்டி மோதுமாம். முதலில் பரீட்சை, அப்புறம் நேர்காணல்.

நான் எட்டோடு நின்றவள். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டிலிருந்தே பத்தாவது எழுதினது அவர் பிடிவாதம். கணக்கில் முதல் தடவை பெயில். "கணக்கு உன்னைய பெயிலாக்கல, நீ கணக்கை பெயிலாக்கிட்ட" என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த தடவை பாஸ்.

வைகாசியில் பலா மரத்திலிருந்து விழுந்து போய்விட்டார். 

எதற்கு இந்தப் படிப்பு என்று நர்சம்மா கேட்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. ஓடினார்கள், எடுத்தார்கள், பிடித்தார்கள். நான் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி அப்படி நிற்க மாட்டேன். இதை நர்சம்மாவிடம் சொல்லவில்லை. "சும்மாதானுங்க" என்றேன்.

கை வலிக்கிறது. ஆட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும்.


ஆனி 12, புதன்

வேண்டியவை:
மார்க் லிஸ்ட் – இருக்கிறது. ஒரு மூலை பூச்சி தின்றிருக்கிறது, மார்க்கைத் தின்னவில்லை.
டி.சி. – இருக்கிறது.
சாதிச் சான்று – அப்பா பெயரில், இருக்கிறது.
ஃபோட்டோ – இல்லை.

ஃபோட்டோவுக்குச் செம்மேடு போனேன். கடைக்காரப் பையன், "கொஞ்சம் சிரிங்கக்கா" என்றான்.
"எதுக்கு?"
"சும்மாதான்."
"சும்மாவெல்லாம் வராது சாமி. எடு."
எடுத்தான். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி வந்திருக்கிறது. பரவாயில்லை. படிக்கப் போவது மூஞ்சி இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஆதரவற்ற விதவை என்று சான்று வாங்கி வைத்தால் சீட்டில் முன்னுரிமையாம். வீட்டில் சொன்னேன். கொழுந்தன் சின்னராசு சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டான். 

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப ஆதரவில்லைன்னு எழுதுவீங்களா அண்ணி? ஊரு காறித் துப்பாதா?"
"சீட்டுக்காகத்தான் தம்பி."
"சீட்டுக்காக என்னையும் சேத்துக் கொன்னுட்டீங்க."

முகத்தைப் பார்த்தேன். அண்ணனைத் தூக்கிப் போய் அடக்கம் செய்தவன். தினமும் காலையில் என் வீட்டுக்கு விறகு போட்டுவிட்டுப் போகிறவன். அவனை இல்லை என்று எப்படி எழுதுவது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். முன்னுரிமை இல்லாமலே முன்னால் போய்க் காட்டுகிறேன்.

இரவு: குச்சிக்கிழங்கு, மிளகாய்ச் சட்னி.


ஆனி 15, சனி

விண்ணப்பம் கீழே போய்விட்டது. நர்சம்மா மீட்டிங்குக்குப் போனபோது கையோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். பரீட்சை வெள்ளிக்கிழமை. பரீட்சைக்கு நர்சம்மாவை அனுப்ப முடியாது.

அங்கேதான் சிக்கல். எங்கள் ஊர் வழக்கம், வீட்டுக்காரன் செத்தால் மூன்றாம் மாசக் காரியம் முடிகிற வரைக்கும் பெண்டாட்டி மலை இறங்கக் கூடாது. செம்மேடு போகலாம், சந்தைக்குப் போகலாம். கொண்டை ஊசி வளைவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் செத்தவர் பின்னாலேயே வருவாராம். இறங்கின உயிருக்கு அத்தனை வளைவும் ஏறித் திரும்பி வர வழி தெரியாதாம். கீழேயே அலையுமாம். காரியம் ஆவணியில்தான். அதற்குள் கல்லூரி தொடங்கிவிடும்.

குழாயடியில் பேச்சு. என்னைப் பார்த்து நிறுத்தவில்லை, கேட்கட்டும் என்றே பேசினார்கள்.
"புருசன் மண்ணு காயல, படிப்பு கேக்குது பாரு."
"படிச்சு என்ன பண்ணுவா, ஊசி போடுவாளா?"
"உனக்குத்தான் மொத ஊசி" என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. இன்னொரு நடை போக மானம் இடம் கொடுக்கவில்லை.

ஆண்களுக்கு இந்த வழக்கம் கிடையாது. பெண்டாட்டி செத்த சூட்டோடு லாரி ஏறிப் போய் மிளகு விற்றுவிட்டு வந்தவர் இதே ஊரில் இருக்கிறார். அவர் பெண்டாட்டிக்கு மட்டும் வழி தெரியும் போல.

அத்தை (மாமியார்) ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயம்.


ஆனி 20, வியாழன்

அத்தை இன்று பேசினாள். ராகி புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"நாளைக்குப் போறயா கண்ணு?"
"போறேனுங்க அத்தை."
"ஆவணி வரைக்கும் பொறுக்காதா?"
"அவங்க பொறுக்க மாட்டாங்க."
"அவன் சின்னதுலயே வழி தப்பிப் போறவன். சந்தையில ரெண்டு தரம் தொலைஞ்சான்."

முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம். திட்டினால் பதிலுக்குக் கத்திவிட்டுப் போயிருப்பேன். இப்படிச் சொன்னால் என்ன செய்வது.

படித்தேன். கை கழுவுவது, பேதிக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர், தடுப்பூசி. மண்டையில் ஏறுகிறது, இறங்கிவிடுகிறது. மறுபடி ஏற்றினேன்.


ஆனி 21, வெள்ளி

போய்விட்டு வந்தேன்.

முதல் பஸ். வளைவில் வாந்தி எடுக்காமல் இருக்கப் புளி. திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் என்ன என்று பாதி வழியில் தோன்றியது. அப்போதும் பார்க்கவில்லை.

கல்லூரி வாசலில் கூட்டம். எல்லாம் சின்னப் பிள்ளைகள். வாட்ச்மேன் என்னை மட்டும் நிறுத்தி, "அம்மாக்கள் எல்லாம் மரத்தடியில உக்காருங்க" என்றார். 
"நான் அம்மா இல்லீங்க, பரீட்சை."
மேலும் கீழும் பார்த்தார். விட்டார்.

பக்கத்துப் பெஞ்சில் ஷபானா என்று ஒரு பெண். டவுன்காரி, ப்ளஸ் டூ. அவள் அத்தா பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை வைத்திருக்கிறார். 
"அக்கா, யாருக்காக வந்திருக்கீங்க?"
"எனக்கே."
"சூப்பர்க்கா! எங்க அத்தா என்னையே வயசாயிருச்சு, கட்டிக்குடுக்கணும்ங்குறாரு. உங்களைக் காட்டி வாயை அடைக்கிறேன்."
என் வயசு ஒருத்திக்காவது பிரயோசனம்.

கேள்வி பரவாயில்லை. கை கழுவும் முறை வந்தது, ஒரு பக்கம் எழுதினேன். மாத்திரைக் கணக்கு ஒன்று. அவரை நினைத்துக்கொண்டு போட்டேன், வந்துவிட்டது. பேப்பரைக் கடைசியாகக் கொடுத்தவள் நான்தான். பிடுங்கினார்கள் என்று சொல்ல வேண்டும்.

ஏறி வரும்போது இருட்டிவிட்டது. எங்கள் பாதை ரோட்டில் சேருகிற இடத்தில் கல் மேல் ஒரு அகல் விளக்கு. காற்றுக்கு மூன்று பக்கமும் ஓடு வைத்து மறைத்திருந்தது. எங்கள் வீட்டு அகல்.

மகனுக்கு வழி தெரியட்டும் என்று அத்தை வைத்திருக்கிறாள்.

வீட்டுக்குள் போனதும் தட்டை வைத்தாள். சோறு சூடாக இருந்தது.


ஆனி 29, சனி

ஷபானா ஃபோன். கத்தல். "அக்கா உங்க பேரு இருக்கு! எம் பேரும் இருக்கு! நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்காங்க!"

டவர் போய்விட்டது. சில்வர் ஓக் மரத்தடிக்கு ஓடி மறுபடி பேசினேன். ஆடி மூன்றாம் தேதி.

சின்னராசுவிடம் சொன்னேன். "ஆடியில போய் நல்ல காரியமா?" என்றான். ஆனியிலும் ஆகாது, ஆடியிலும் ஆகாது. என் மாதம் எது என்று கேட்டேன். பைக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்த பைக் நிற்கிற பக்கம் நான் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன். ஏன் என்று தெரியவில்லை.

பன்றி வந்து கிழங்குக் காட்டில் ஒரு ஓரம் காலி.


ஆடி 3, வெள்ளி

எழுத வேண்டும். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வயதான டாக்டர், பாடம் எடுக்கிற சிஸ்டர், ஃபைல் வைத்துக்கொண்டு ஒருவர். 

ஃபைல்காரர்தான் ஆரம்பித்தார். "வயசு முப்பத்தி ரெண்டு. சின்னப் பிள்ளைங்களோட உக்காந்து படிச்சிருவீங்களா?"
"அவங்க என்கூட உக்காருவாங்களான்னு கேளுங்க."
சிஸ்டர் சிரித்தார். 
"விதவைன்னு போட்டிருக்கீங்க. ஆதரவற்றவர் சான்று வெச்சிருந்தா உங்களுக்கு நல்லதாச்சே?"
"மாமியா இருக்காங்க, கொழுந்தன் இருக்கான். எப்படிங்க இல்லைன்னு எழுதறது?"
அவர் ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

அப்புறம் சிஸ்டர். எல்லோருக்கும் ஒரு கேள்வி கேட்கிறார் என்று ஷபானா சொல்லியிருந்தாள். அவளுக்குத் தீக்காயம் பற்றி. எனக்கு:

"மலையில இருந்து வாரீங்க. அங்க நடக்கிறதையே கேக்கிறேன். மரத்துல இருந்து ஒருத்தர் விழுந்துட்டாரு, நினைவு இருக்கு. நீங்க பக்கத்துல இருக்கீங்க. என்ன செய்வீங்க?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்து கேட்கவில்லை.

சொன்னேன். நாங்கள் செய்ததைத்தான் சொன்னேன். தூக்கி உட்கார வைத்தோம். முதுகைத் தேய்த்தோம். தண்ணீர் கேட்டார், கொடுத்தோம். கொழுந்தன் பைக் எடுத்தான். எங்கள் மலையில் யாருக்கு என்ன ஆனாலும் அப்படித்தான், ஓட்டுகிறவனுக்கும் பின்னால் பிடிக்கிறவனுக்கும் நடுவில் உட்கார வைத்து, துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவது. பாம்புக் கடியும் அப்படித்தான், பிரசவ வலியும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பெரியசாமி மாமா பின்னால் பிடித்துக்கொண்டார். நடுவில் இருந்தவர் தலை மேடு பள்ளத்தில் ஆடிக்கொண்டே போனது. நான் பின்னால் ஓடினேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"அதுக்கு அப்புறம்?" சிஸ்டர்.
"அதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லீங்க. எங்க ஊட்டுக்காரருங்க அது."

எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. கேட்டேன்.

"என்ன பண்ணியிருக்கணுமுங்க?"

ஃபைல்காரர், "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார். 
"எனக்குத் தெரியணுமுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன். தெரிஞ்சிருந்தா இங்க எதுக்கு வாரேன்?"

சிஸ்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார். சிஸ்டர் மேஜை மேல் ஒரு பேனாவைப் படுக்க வைத்துச் சொன்னார். விழுந்தவரை உட்கார வைக்கக் கூடாது. கழுத்தும் முதுகும் வளையக் கூடாது. அப்படியே கிடக்கவிட்டு 108 கூப்பிட வேண்டும். தலையை ஒருவர் இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்திருக்க வேண்டும். தண்ணீர் கூடாது. வண்டி வர முடியாத இடம் என்றால் நாலைந்து பேர் ஒன்றாகப் புரட்டிப் பலகையில் கிடத்தி, கட்டி, ஆடாமல் தூக்க வேண்டும். 

"பலகைக்கு எங்கீங்க போறது?"
"பெஞ்சு, கட்டில் பலகை, கதவு. கெட்டியா நேரா இருக்கிற எதுவும்."

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "அப்படிச் செஞ்சிருந்தாலும் பொழைச்சிருப்பாருன்னு சொல்ல முடியாதும்மா."
"பொழைச்சிருக்க மாட்டாருன்னும் சொல்ல முடியாதுங்களே."

ஃபைல்காரர் அடுத்த பேரைக் கூப்பிட்டார். 

வெளியே வந்தேன். ஷபானா ஓடி வந்தாள். "என்னக்கா கேட்டாங்க?" "மரத்துல இருந்து விழுறது" என்றேன். "ஈசியாச்சேக்கா!" பேரீச்சம்பழம் கொடுத்தாள். தின்றேன். பஸ் வரும் வரைக்கும் கொட்டை வாயிலேயே இருந்தது.


ஆடி 4, சனி

யாரிடமும் சொல்லவில்லை. சின்னராசுவிடம் எப்படிச் சொல்வது. ஓட்டினவன் அவன்.

இங்கே எல்லோருக்கும் ஒரே பேச்சுதான், முனி அடித்துவிட்டது. அந்தப் பலா மரத்தில் முனி இருக்கிறதாம். மரத்தில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள். யாரும் கிட்டே போவதில்லை. பழம் பழுத்து விழுந்து அழுகுகிறது. ஈ.

மத்தியானம் அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். தாழ்வாக ஒரு பழம், கை எட்டுகிற உயரம். அவர் விட்டுவைத்த பழமாக இருக்கும். அறுத்தேன். அங்கேயே உட்கார்ந்து பிளந்தேன். கையில் எண்ணெய் தடவ மறந்துவிட்டேன், பிசின் முழங்கை வரை. நாலு சுளை தின்றேன். தேன்.

முனி இருந்தால் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஒரு அணில் வந்தது.

மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தை பார்த்தாள். எந்த மரம் என்று தெரிந்துவிட்டது. ஒரு சுளை எடுத்தாள். கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் தின்றாள்.


ஆடி 8, புதன்

பட்டியல் வந்துவிட்டது. இருபது பெயரில் நான் இல்லை.

ஷபானா இருக்கிறாள். ஃபோனில் அழுதாள், சீட்டு கிடைத்தவள். நான் தேற்றினேன், கிடைக்காதவள்.
"அக்கா, காத்திருப்போர் பட்டியல்ல இருக்கீங்க. நாலாவது பேரு. யாராச்சும் நர்சிங் கிடைச்சுப் போயிருவாங்க. நானே ரெண்டு பேரைப் போகச் சொல்லித் துவா பண்றேன்."

காத்திருப்போர். இந்த மலையில் பிறந்தவளுக்கு அது ஒன்றும் புதிது இல்லை. பஸ்ஸுக்குக் காத்திரு, ரேஷனுக்குக் காத்திரு, டவருக்குக் காத்திரு.

குழாயடி: "என்னாச்சு டாக்டரம்மா?" 
"நாலு பேரு குறுக்க நிக்கறாங்க. தள்ளிட்டு உள்ள போகணும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பு ஊதும்போது அழுதேன். புகை என்று அத்தையிடம் சொன்னேன். அடுப்பே இன்னும் பற்றவில்லை.

நர்சம்மா வந்து, இந்த வருடம் போனால் அடுத்த வருடம் என்றாள். அடுத்த வருடமும் போடுவேன். வயசு ஏறினால் ஏறட்டும். பார்த்துப் பார்த்து அவர்களுக்கு என் முகம் மனப்பாடம் ஆகிற வரைக்கும் போடுவேன்.


ஆடி 13, திங்கள்

பேய்க் காற்று. பெரியசாமி மாமா வீட்டுக் கூரைத் தகரம் படபடவென்று அடித்தது. கல் வைக்க ஏறினார். தகரத்தோடு வந்து விழுந்தார்.

நான் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். மல்லாந்து கிடந்தார், கத்திக்கொண்டு. இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துவிட்டார்கள். சின்னராசு அதற்குள் பைக்கை எடுத்து உறுமவிட்டான்.

"தொடாதீங்க!"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். நின்றார்கள். பைக் முன்னால் போய் நின்று சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகினேன். 

"அண்ணி, வெளையாடாதீங்க! சாவியைக் குடுங்க!"
"தர மாட்டேன்."
"ஒருத்தனைப் பறிகுடுத்தது பத்தாதா?"
"பத்துமுன்னுதான் சொல்றேன். போய் எங்க ஊட்டுக் கதவைத் தூக்கியா."

எங்கள் வீட்டுக் கதவு பழைய குடுமிக் கதவு. குழியில் நிற்பதுதான், ஆணி இல்லை. நெம்பித் தூக்கினால் வந்துவிடும். ஒருவரும் அசையவில்லை. நானே போய் நெம்பினேன். அத்தை மறு பக்கம் பிடித்தாள். அவள் பிடித்ததைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

தலையை நான் பிடித்துக்கொண்டேன். ஐந்து பேர் ஒன்றாகப் புரட்டினோம். சேலையைக் கிழித்துக் கட்டினோம். மாமாவின் வாய் மட்டும் கட்டப்படவில்லை.

"ஏ பொன்னி, பொணத்தைக் கட்டறாப்பல கட்டறயே சாமி!"
"பொணமாகாம இருக்கத்தான் மாமா. தலையை ஆட்டாதீங்க."
"மூக்கு அரிக்குதுடி."
"அரிக்கட்டும்."

அவர் சம்சாரம் சொறிந்துவிட்டாள், திட்டிக்கொண்டே.

108 கூப்பிட்டாயிற்று. வண்டி பள்ளிக்கூடம் வரைக்கும்தான் வரும். அதுவரை கதவோடு தூக்கிப் போனோம். பைக்கில் போனால் பீடி பற்ற வைக்கிற நேரம். தூக்கிக்கொண்டு நடந்தால் அது ஒரு யுகம். காற்றில் மண் வாரி இறைக்கிறது. வழியெல்லாம் வசவு. "இவளால செத்தான்னா இவதான் பதில் சொல்லணும்." சொல்கிறேன் என்றேன். கையை எடுக்கவில்லை.


ஆடி 14, செவ்வாய்

பெரியசாமி மாமாவுக்கு ஒன்றும் இல்லை. சதைப் பிடிப்பு. நேற்று சாயந்தரமே பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் பன்னோடு நடந்து வந்தார்.

ஊர் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. 
"சுளுக்குக்குக் கதவைக் கழட்டினவ!"
"எனக்குப் பல்லு வலி பொன்னி, சன்னலைக் கழட்டட்டுமா?"
மாமாவே விழுந்து விழுந்து சிரிக்கிறார். "அஞ்சு ஆளு தூக்க ராசாவாட்டம் போனேன். மூக்கு அரிச்சதுதான் கஷ்டம்."

சிரிக்கட்டும். நாளைக்கு இன்னொருவர் விழுந்தாலும் கழற்றுவேன். பத்துச் சுளுக்குக்குக் கழற்றினாலும் பதினோராவதும் சுளுக்காகவே இருக்கும் என்று இல்லை.

கதவு திரும்பி வந்து வாசலில் சாய்ந்து கிடந்தது. நேற்று ராத்திரி படல் வைத்து மறைத்துத் தூங்கினோம். நாய் உள்ளே வந்து அத்தை காலடியில் படுத்துக்கொண்டது.

சாயந்தரம் சின்னராசு வந்தான். கதவைத் தூக்கி நிறுத்தினான். குடுமியைக் குழியில் இறக்கினான். விளக்கெண்ணெய் விட்டான். திறந்து பார்த்தான். மூடினான். மறுபடி திறந்தான். மறுபடி மூடினான். சத்தமே இல்லாமல் போய் வந்தது கதவு. அவன் விடவில்லை.

"அண்ணி."
"ம்."
"அன்னைக்கும் இந்தக் கதவு இங்கதானே இருந்துச்சு."

நேர்காணலில் இருந்து நான் தொண்டையில் வைத்திருந்தது. அவனாகவே எடுத்துவிட்டான்.

"இருந்துச்சு தம்பி. உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஊருக்கே தெரியல."
"முனின்னு சொன்னோமே."
"முனி என்ன பண்ணும் பாவம்."

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். பெரிய ஆண்பிள்ளை, முழங்காலுக்குள் தலையை விட்டுக்கொண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். அப்படிச் செய்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்று. நான் டாக்டருக்குச் சொன்ன பதிலை அவனுக்குச் சொல்லவில்லை.


ஆடி 16, வியாழன்

கல்லூரியிலிருந்து ஃபோன். டவர் விட்டு விட்டு.

"பொன்னிங்களா... சீட்டு... நாலு பேர் வேற... திங்கக்கிழமை சேரலைன்னா அடுத்த ஆளுக்கு..."
"வாரேனுங்க!"
"கேக்குதாம்மா?"
"வாரேன், வாரேன், வாரேனுங்க!"

மரத்தடியில் நின்று கத்தினேன். ஆடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது.

ஷபானாவிடம் சொன்னேன். அவள் துவாவுக்குப் பலன் என்கிறாள். ஷூ அவள் அத்தா கடையில் எடுத்து வைக்கிறாளாம். என் கால் அளவு கேட்டாள். தெரியாது. செருப்பையே கொண்டு வருகிறேன் என்றேன்.

காரியம் ஆவணியில். நான் திங்கள் முதல் தினமும் இறங்கி ஏற வேண்டும். அத்தையிடம் சொன்னேன். 
"தெனமுமா?"
"தெனமுங்க."
அகலுக்கு எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.


ஆடி 20, திங்கள்

முதல் பஸ். இடம் கிடைத்தது, சன்னலோரம். வெளியே பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. எழுத்து கோணல், வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது.

சின்னராசு ரோடு வரைக்கும் வந்தான். பைக் இல்லாமல், நடந்து. பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "நல்லாக் கத்துக்கிட்டு வாங்க, அண்ணி. எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றான். 

அத்தையும் வந்தாள். கல் மேல் அகலை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பஸ் படியைப் பார்த்துச் சொன்னாள்.

"அவனைக் காலையில கூட்டிட்டுப் போற. சாயந்தரம் கூட்டியாந்துரு."

ஆடிப் பெருக்கு முடிந்து திரும்புகிற கூட்டம். நிற்க இடமில்லை. பக்கத்து சீட்டில் பையை வைத்திருக்கிறேன். கண்டக்டர் வந்தார்.

"ஏம்மா, பையை மடியில வையி. ஆளு உக்காரட்டும்."

"ஆளு இருக்குதுங்க."